சேஃப்டி ஆபீசர் ஆக எந்தக் கல்லூரி? கேள்வி பதில்

பிளஸ் டூ மாணவர், ஓசூர்: அண்ணா, “ஃபயர் அண்ட் சேஃப்டி, ஆறே மாதம், வேலை உறுதி” என்று நோட்டீஸ் கொடுத்தார்கள். சேரலாமா?

வேண்டாம் தம்பி. ஆயிரம் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் ஆலைக்கு சேஃப்டி ஆபீசர் கட்டாயம் என்றது 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 40-பி பிரிவு. 2020 தொழிலாளர் சட்டத் தொகுப்பு அதை 500 ஆக்கியது; அபாயகரமான தொழில் என்றால் 250. பதவிக்கு விதிகள் கேட்பது பொறியியல் பட்டம், சூப்பர்வைசராக இரண்டு வருட அனுபவம், கூடவே அரசு ஏற்ற பாதுகாப்புப் படிப்பு. ஆறு மாத சர்டிபிகேட்டை வைத்து சைட்டில் ஹெல்மெட் போட்டார்களா என்று பார்க்கும் வேலை வேண்டுமானால் கிடைக்கும்.

அவரே: சரி, பட்டமே படிக்கிறேன். எங்கே?

கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் (குசாட்) பி.டெக். சேஃப்டி அண்ட் ஃபயர் இருக்கிறது. நுழைவுத் தேர்வு உண்டு. பக்கத்தில் என்றால் திருச்செங்கோடு கே.எஸ்.ஆர். பொறியியல் கல்லூரி. நாக்பூர் தேசிய தீயணைப்புக் கல்லூரி தீயணைப்புப் பக்கம் சாய்ந்தது.

எங்கே போனாலும் சிலபஸை வாங்கிப் பார். ஹசாப் (ஆலை இயக்கத்தில் எங்கே ஆபத்து வரும் என்று முறையாக ஆராய்வது), தொழில்வழி நோய்கள், இரைச்சலும் தூசியும் அளப்பது, சட்டம் இதெல்லாம் இருக்க வேண்டும். தீயணைப்பானைப் பிடித்துக் காட்டும் போட்டோ மட்டும் இருந்தால் திரும்பி வந்துவிடு. ஆலையில் வேலை பார்த்த ஆசிரியர் எத்தனை பேர், போன வருடம் பிள்ளைகள் எந்த ஆலைக்கு இன்டர்ன்ஷிப் போனார்கள் என்று கேள். அப்புறம், அந்தப் பட்டம் சேஃப்டி ஆபீசர் பதவிக்குச் செல்லுமா என்று தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்திலேயே விசாரித்துவிடு. கல்லூரி சொல்வதை மட்டும் நம்பாதே.

என்னைக் கேட்டால், கெமிக்கலோ மெக்கானிக்கலோ பி.இ. முடித்து, ஆலையில் கொஞ்சம் வேலை பார்த்து, பிறகு சென்னை தரமணி மண்டலத் தொழிலாளர் நிலையத்தில் ஒரு வருட பாதுகாப்பு டிப்ளமோ படிப்பதுதான் நல்ல வழி. சேஃப்டி பிடிக்காமல் போனாலும் கையில் ஒரு தொழில் இருக்கும்.

ஒரு அம்மா, விருதுநகர்: மகள் பி.எஸ்சி. வேதியியல் படிக்கிறாள். இதற்கு வர முடியுமா?

வரலாம் அம்மா. இயற்பியல், வேதியியல் பட்டத்துக்கும் வழி உண்டு. ஆனால் அனுபவம் ஐந்து வருடம் வேண்டும். பாதுகாப்பு டிப்ளமோவும் தனியாகப் படிக்க வேண்டும்.

கேள்வி: நெபோஷ் (பிரிட்டிஷ் அமைப்பு தரும் பாதுகாப்புச் சான்றிதழ்) போதாதா?

வளைகுடா வேலைக்கு உதவும். இங்கே பட்டத்துக்கு ஈடாகாது.

கேள்வி: இந்தி தெரிய வேண்டுமா?

தொழிலாளர்களில் பெரும்பாலோர் பேசும் மொழி தெரிந்திருக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. வடமாநிலத் தொழிலாளர்கள் நிறைய இருக்கும் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலை தேடுவதாக இருந்தால் இப்போதே கற்றுக்கொள்ளுங்கள்.