கேள்வி நேரம்: ஸ்க்ரீன்ல பளிச்னு இருந்த டிராயிங் புக்ல ஏன் மங்குது?

இந்த தடவ வந்த கேள்வில பாதிக்கு மேல ஒரே புலம்பல்தான், கேட்-ல (CAD, கம்ப்யூட்டர்ல டிராயிங் போடுற சாஃப்ட்வேர்) மாங்கு மாங்குன்னு போட்ட டிராயிங் மேனுவல்ல போய் உக்காந்ததும் அடையாளமே தெரியலன்னு. சரி, இந்த முறை வேற சப்ஜெக்ட்டே வேணாம், இதையே பேசிடுவோம்.

கேள்வி: சார், மெஷின் மேனுவல் ரெடி பண்றது என் வேலை. ஆட்டோகேட் டிராயிங்க ஸ்க்ரீன்ஷாட் எடுத்து பேஜ்ல வைக்கிறேன், பிரிண்ட்ல ஓரமெல்லாம் பிசிறு பிசிறா வருது. ஃபோட்டோஷாப்ல டிபிஐய (இன்ச்சுக்கு எத்தனை புள்ளிங்கிற அளவு) 300னு மாத்தியும் பாத்துட்டேன், ஒண்ணும் நடக்கல.

பதில்: 300னு டைப் பண்ணிட்டா புதுசா பிக்ஸல் எங்கருந்து வரும்? கணக்கு போட்டு பாத்துருவோம். ஸ்க்ரீன்ல உங்க டிராயிங் ஒரு 1000 பிக்ஸல் அகலத்துக்கு இருக்குன்னு வைங்க, அத மேனுவல்ல 140 மில்லிமீட்டர் அகலத்துல வைக்கிறீங்க, அதாவது அஞ்சரை இன்ச். அப்போ இன்ச்சுக்கு 180 பிக்ஸல்தான் கிடைக்குது. ஃபோட்டோவா இருந்தா 300 இருந்தா ஜம்முனு வந்துடும், ஆனா வெள்ளை பேப்பர்ல கறுப்பு கோடுன்னா அச்சுக்காரங்க கேக்குறது 1200, ஏன்னா கோட்டோட ஓரத்துல ஒரு சின்ன படிக்கட்டு இருந்தாலும் கண்ணு டக்குனு புடிச்சிடும். 1200 வேணும்னா அதே படம் 6600 பிக்ஸல் அகலம் இருக்கணும். எந்த மானிட்டர்ல எடுப்பீங்க அத?

அதோட முடியல. ஸ்க்ரீன்ல கோடு வழவழன்னு தெரியணும்னு சாஃப்ட்வேர் கோட்டு ஓரத்துல சாம்பல் பிக்ஸல் தூவி வச்சிருக்கும். சாதாரணமா பிரஸ்ல சாம்பல் மைன்னு தனியா போட மாட்டாங்க, கறுப்பு மைய பொடிப்பொடி புள்ளியா வச்சுதான் சாம்பல காட்டுவாங்க. நீங்க சொல்ற பிசிறு அந்த புள்ளிங்கதான். இதுல ஜேபெக்கா வேற சேவ் பண்ணிருந்தா கேக்கவே வேணாம், அது படத்த 8க்கு 8 பிக்ஸல் கட்டமா வெட்டி சுருக்குற ஃபார்மேட், ஃபோட்டோவுக்குன்னே செஞ்சது, கோட்ட சுத்தி கொசு மொய்ச்ச மாதிரி அழுக்கு விட்டுட்டு போயிடும்.

அதனால டிராயிங்க படம் புடிக்காதீங்க, டிராயிங்கையே கொண்டு போங்க. ஆட்டோகேட் லேஅவுட்லேர்ந்து பிடிஎஃப்பா பிளாட் பண்ணி (அதாவது பிரிண்ட் குடுத்து) அந்த பிடிஎஃப்பையே பேஜ் அமைக்கிற சாஃப்ட்வேர் இன்டிசைன்ல பிளேஸ் பண்ணுங்க. பிடிஎஃப் வந்ததும் 6400 பர்சென்ட் வரைக்கும் ஸூம் பண்ணி பாருங்க, கோடு அப்பவும் கோடாவே இருந்தா வெக்டர், கட்டம் கட்டமா உடைஞ்சா எங்கயோ ராஸ்டர், அதாவது பிக்ஸல் படம் ஆயிடுச்சு. 3டி வியூபோர்ட் (லேஅவுட்ல மாடல காட்டுற ஜன்னல்) இருந்தா இது அடிக்கடி நடக்கும், அதோட ஷேட் பிளாட் செட்டிங்ல லெகஸி ஹிடன் வச்சு திரும்ப பிளாட் பண்ணி பாருங்க.

கேள்வி: நாங்க வெக்டர் பிடிஎஃப்தான் குடுத்தோம். ஆபீஸ் லேசர் பிரிண்டர்ல எடுத்து பாத்தப்ப சூப்பரா இருந்துச்சு. ஆனா பிரஸ்லேர்ந்து புக் வந்தப்ப டைமென்ஷன் கோடு, சென்டர் லைன் எல்லாம் காணாம போயிருக்கு. பிரஸ்காரங்க மேல சண்டைக்கு போலாமா?

பதில்: போகாதீங்க. நானும் ஒரு காலத்துல போயிட்டு அசடு வழிஞ்சு திரும்பி வந்தவன்தான். நாற்பது பக்க மேனுவல், ஹிடன் லைன் (மறைஞ்ச ஓரத்த காட்டுற டேஷ் கோடு) ஒண்ணு கூட அச்சுல இல்ல, நான் போய் குதிச்சேன், அங்க இருந்த பெரியவர் ஒரு வார்த்தை பேசாம என் ஃபைல திறந்து கோட்ட செலக்ட் பண்ணி காட்டுனாரு, லைன்வெயிட், அதாவது கோட்டோட தடிமன், 0.00.

ஜீரோன்னா கோடே இல்லன்னு அர்த்தம் இல்ல, அந்த மெஷினால எவ்ளோ மெலிசா போட முடியுமோ அவ்ளோன்னு அர்த்தம். 600 டிபிஐ ஆபீஸ் பிரிண்டர்ல ஒரு புள்ளி 0.042 மில்லிமீட்டர், கண்ணுக்கு தெரியும், அழகா கூட இருக்கும். பிரஸ்ல பிளேட் போடுற மெஷின் 2400 டிபிஐன்னா ஒரு புள்ளி 0.01 மில்லிமீட்டர், அது பிளேட்லயே நிக்காது, நின்னாலும் பேப்பர்ல ஒட்டாது. ஆக, உங்க ஆபீஸ் பிரிண்டர் உங்கள ஏமாத்திருக்கு.

இதுக்கு இன்னொரு காரணமும் இருக்கும், சுருக்குறது. ஏ3 டிராயிங் 420 மில்லிமீட்டர் அகலம், அத 140க்குள்ள அடக்குறீங்கன்னா மூணுல ஒரு பங்கு. ஆட்டோகேட்ல நீங்க கை வைக்காத கோடெல்லாம் 0.25ல இருக்கும், அது 0.08 ஆயிடும். 2.5 மில்லிமீட்டர் உயர எழுத்து 0.8 ஆயிடும், பூதக்கண்ணாடி குடுத்துதான் மேனுவல விக்கணும். டேஷ் கோட்டுல இடைவெளி மூடிக்கிட்டு முழு கோடு மாதிரி தெரியும், அப்போ மறைஞ்ச ஓரம் எது தெரியுற ஓரம் எதுன்னு படிக்கிறவனுக்கு எப்படி புரியும்?

நான் பண்றது என்னன்னா, முதல்ல பேஜ்ல படத்துக்கு எவ்ளோ இடம்னு லேஅவுட் பண்றவர்கிட்ட கேட்டுப்பேன், கேட்-லயே அதே சைஸ்ல ஒரு பேப்பர் செட் பண்ணி, வியூபோர்ட் ஸ்கேல் மாத்தி, அதுல 1:1 பிளாட் பண்ணுவேன். 140 அகலம்னா 140 தான், அங்க போய் யாரும் இழுக்கவோ சுருக்கவோ கூடாது. கோட்டுக்கு டிராயிங்குக்கான சர்வதேச தரம் ஐஎஸ்ஓ 128ல வர்ற 0.18, 0.25, 0.35, 0.5, 0.7ங்கிற வரிசைலேர்ந்து மூணே மூணு எடுத்துப்பேன்: வெளி உருவத்துக்கு 0.5, உள் ஓரங்களுக்கு 0.25, டைமென்ஷனுக்கும் லீடருக்கும் (குறிப்பு எழுத்துலேர்ந்து பார்ட்டுக்கு போற கோடு) 0.18. அதுக்கு கீழ இறங்குறதே இல்ல. எழுத்து 2 மில்லிமீட்டருக்கு குறையாம. ஷாப் ஃப்ளோர் டிராயிங்ல இருக்குற டாலரன்ஸ், சர்ஃபேஸ் ஃபினிஷ் லேயரெல்லாம் ஃப்ரீஸ் பண்ணி மறைச்சிடுங்க, மேனுவல் படிக்கிறவர் போல்ட் எங்க இருக்குன்னு தேடுறாரு, அவருக்கு மைக்ரான் எதுக்கு?

கேள்வி: கறுப்பு கோட்டு ஓரத்துல லேசா சிவப்பு, நீலம் நிழல் மாதிரி அடிக்குது. ஏன்?

பதில்: உங்க கறுப்பு ஆர்ஜிபி கறுப்பு, அதாவது ஸ்க்ரீன் கலர். அத சிஎம்ஒய்கேவுக்கு (அச்சுல போடுற சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு மை) மாத்துறப்ப நாலு மையும் கலந்துடுது, நாலு பிளேட்டும் முடி அளவு விலகினாலும் மெலிசு கோட்டுல நிறம் எட்டி பாக்கும். கோடு எல்லாம் கே 100 மட்டும்னு, அதாவது முழு கறுப்பு மை மட்டும்னு இருக்கணும். அக்ரோபேட் ப்ரோல அவுட்புட் ப்ரிவ்யூ திறந்து பிளாக் பிளேட்ட மட்டும் அணைச்சு பாருங்க, அப்பவும் கோடு மிச்சம் இருந்தா வேற மை கலந்தது மாட்டிக்கிச்சு. கேட் பக்கம் மோனோக்ரோம் சிடிபி (எல்லா கலரையும் கறுப்பாக்குற பிளாட் செட்டிங் ஃபைல்) போட்டு பிளாட் பண்ணுங்க. அப்படியும் ஒரு சில கோடு மட்டும் கலர்லயே வருதுன்னா அந்த லேயருக்கு யாரோ ட்ரூ கலர் குடுத்து வச்சிருக்காங்க, சிடிபி அத தொடாது, நம்பர் வச்ச இண்டெக்ஸ் கலருக்கு மாத்துங்க.

கேள்வி: அண்ணா, நான் காலேஜ் முடிச்சு இப்பதான் வேலைக்கு சேர்ந்திருக்கேன். சாலிட்வொர்க்ஸ்ங்கிற 3டி சாஃப்ட்வேர்ல எக்ஸ்ப்ளோடட் வியூ (பார்ட்ட தனித்தனியா பிரிச்சு காட்டுற படம்) எடுத்தா ஒரே கோட்டு கூட்டமா இருக்கு, எந்த பார்ட் எங்க முடியுதுன்னே தெரியல.

பதில்: தம்பி, முதல்ல டேன்ஜென்ட் எட்ஜ (வளைவும் தட்டையும் சேர்ற எடத்து கோடு) ரிமூவ்டுனு போடு. ஃபில்லெட், அதாவது உருட்டின மூலை இருக்குற எடத்துலெல்லாம் ரெண்டு ரெண்டு கோடு வந்து நிக்குறது அதனாலதான், அத எடுத்தாலே பாதி கூட்டம் கலைஞ்சுடும், ஆனா ரொம்ப உருண்டையான வார்ப்பு பார்ட்ல மொத்தமா எடுத்தா மொட்டையாயிடும், அங்க மட்டும் மெலிசு கோடா விட்டுடு. ஷேடட் வியூ வேணாம், ஹிடன் லைன்ஸ் ரிமூவ்ட் வியூ எடு, டிராஃப்ட் குவாலிட்டில இருந்தா ஹை குவாலிட்டிக்கு மாத்து. த்ரெட்ட நிஜமா மாடல் பண்ணிருந்தா சப்ரெஸ் பண்ணிடு, ஒரு எம்6 போல்ட்டோட மரை கோடெல்லாம் அச்சுல சேர்ந்து கறுப்பு குச்சியாதான் வரும்.

அப்புறம் ஒரு வேலை இருக்கு, அத சாஃப்ட்வேர் பண்ணாது, நீதான் பண்ணணும். பிடிஎஃப்ப இல்லஸ்ட்ரேட்டர்லயோ இன்க்ஸ்கேப்லயோ திறந்து ஒவ்வொரு பார்ட்டோட வெளி உருவத்த மட்டும் புடிச்சு தடிமனாக்கு. ஒரு பார்ட்டுக்கு ரெண்டு நிமிஷம்தான் ஆகும், ஆனா அதுக்கப்புறம் பாரு, வாஷர் வாஷரா நிக்கும், ஸ்பிரிங் ஸ்பிரிங்கா நிக்கும். பின்னாடி இருக்குற பார்ட் கோடு முன்னாடி பார்ட்ட தொடுற எடத்துல ஒரு அரை மில்லிமீட்டர் வெட்டி விடு, கண்ணு தானா எது முன்னாடி எது பின்னாடின்னு புரிஞ்சுக்கும். கம்ப்யூட்டர் வர்றதுக்கு முன்னாடி கையால வரைஞ்சவங்க பண்ண வேலைதான் இது, இன்னைக்கும் இத மிஞ்ச ஒண்ணும் வரல.

கேள்வி: எங்க ஆபீஸ்ல இன்டிசைன் எல்லாம் கிடையாது, வேர்டுதான். அதுல தெளிவா வர வழி இருக்கா?

பதில்: இருக்கு, கொஞ்சம் பொறுமை வேணும். வேர்டு பிஎன்ஜி, ஜேபெக் படத்தையெல்லாம் சத்தமில்லாம சுருக்கிடும், பல வெர்ஷன்ல அந்த அளவு இன்ச்சுக்கு 220 பிக்ஸல். ஆப்ஷன்ஸ்ல அட்வான்ஸ்டு போய் படத்த கம்ப்ரெஸ் பண்ணாதேங்கிற டிக்க போடுங்க, அது அந்த ஃபைலுக்கு மட்டும்தான், புது ஃபைலுக்கு திரும்ப போடணும். படத்த எஸ்விஜியா இல்லன்னா இஎம்எஃப்பா (ரெண்டுமே வெக்டர் ஃபார்மேட்) இன்சர்ட் பண்ணுங்க, இஎம்எஃப்ல வட்டம் கொஞ்சம் கோணல்மாணலா வந்தா எஸ்விஜிக்கு போங்க. கடைசில பிடிஎஃப் சேவ் பண்றப்ப மினிமம் சைஸ் தொடவே தொடாதீங்க. ஸூம் டெஸ்ட் இங்கயும் உண்டு.

கேள்வி: மேனுவல தமிழ் உட்பட அஞ்சு மொழில போடுறோம். டிராயிங்குள்ள இருக்குற எழுத்து சில எடத்துல கேள்விக்குறியா வருது, தமிழ்ல கொம்பு தனியா கால் தனியா நிக்குது.

பதில்: கேள்விக்குறி வந்தா ஆட்டோகேட்டோட எஸ்ஹெச்எக்ஸ் ஃபான்ட்ல அந்த எழுத்து இல்லைன்னு அர்த்தம், யூனிகோட் ஃபான்ட்டுக்கு மாறுங்க. அதவிட நல்லது, டிராயிங்குள்ள எழுத்தே வைக்காதீங்க. 1, 2, 3னு வட்டத்துக்குள்ள போடுற பலூன் நம்பர் மட்டும் போதும், பேரெல்லாம் பேஜ்ல பக்கத்துல ஒரு டேபிளா போடுங்க, அஞ்சு மொழிக்கும் ஒரே டிராயிங், நாளைக்கு ஒரு பார்ட் மாறினா அஞ்சு ஃபைல தேடி ஓட வேணாம். கொம்பு பிரியுறது இன்டிசைன்ல நடந்தா பாரக்ராஃப் கம்போசர வேர்ல்ட் ரெடிக்கு மாத்துங்க, சேர்ந்துடும்.