நீலமாக இருந்தால் பெப்டைட் ஆகிவிடுமா?

தேவகோட்டையிலிருந்து ஓர் ஆச்சி கேட்டிருக்கிறார்: "கரிசலாங்கண்ணி, செம்பருத்தி போட்டு எண்ணெய் காய்ச்சி விற்கிறேன். வயதானால் முடி மெலிவதற்கு நல்லது என்று மகள் காப்பர் பெப்டைட் பொடி வாங்கி அனுப்பியிருக்கிறாள். இது நல்ல சரக்கா, எண்ணெயில் சேர்த்தால் வேலை செய்யுமா, எப்படிச் சோதிப்பது?"

ஆச்சி, காப்பர் பெப்டைட் என்பது புரதத்தின் சிறு துண்டுகளான அமினோ அமிலங்கள் கோத்த சின்னச் சங்கிலியில் செம்பு சேர்ந்த நீலப் பொடி. ஒரு கரண்டி நல்லெண்ணெயில் ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கிப் பாருங்கள். எவ்வளவு கலக்கினாலும் கொஞ்ச நேரத்தில் நீலத் தூளாக அடியில் தங்கிவிடும், ஏனென்றால் இது தண்ணீரில் கரையும் பொருள். உங்கள் எண்ணெயை அதன் போக்கில் விடுங்கள். பெப்டைட்தான் வேண்டும் என்றால் தலையில் தடவும், தண்ணீர் கலந்த சீரம் தனியாகச் செய்ய வேண்டும்.

அடுத்தது, சரக்கு. நீலத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள், மயில்துத்தத்தை (காப்பர் சல்ஃபேட்) கரைத்தாலும் நீலம்தான். 1973இல் மனித ரத்தத்தின் பிளாஸ்மாவிலிருந்து பிக்கார்ட் என்ற ஆய்வாளர் அடையாளம் கண்ட பெப்டைட் இது. கிளைசின், ஹிஸ்டிடின், லைசின் என மூன்றே அமினோ அமிலம், ஒரு மூலக்கூறின் எடை 340 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு), செம்பு சேர்ந்தால் 400க்குச் சற்று மேல். விற்றவரிடம் அந்த பேட்ச்சுக்கான ஆய்வகச் சான்று கேளுங்கள்: எச்.பி.எல்.சி.யில் (கலந்திருப்பதைப் பிரித்து அளக்கும் முறை) தூய்மை எத்தனை சதவீதம், மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியில் (மூலக்கூறின் எடையைப் பார்க்கும் முறை) எடை சரியாக வந்ததா. சான்று தர முடியாது என்றால் பொடியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

சீரம் செய்தபின் இன்னொரு தலைவலி. இன்று இருக்கும் பெப்டைட் சித்திரை வெயிலுக்குப் பிறகும் இருக்குமா? ஆய்வகத்தில் 40 டிகிரி வெப்பம், 75 சதவீத ஈரப்பதத்தில் 3 மாதம் வைத்து மறுபடி அளப்பார்கள். நம்ம ஊரில் தகரக் கூரை போட்ட கடைக்குள் மே மாதம் பாட்டில் படும் பாட்டுக்கு அதுவே குறைவுதான் என்பேன். வைட்டமின் சி, உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் ஈ.டி.டி.ஏ. என்ற ரசாயனம் இரண்டையும் இதோடு சேர்க்காதீர்கள்: முன்னது செம்பின் தன்மையையே மாற்றும், பின்னது செம்பைப் பிடுங்கிக்கொள்ளும். தண்ணீர் இருப்பதால் கிருமியும் வரும். கெடாமல் காக்கச் சேர்க்கும் பிரிசர்வேட்டிவ் தாங்குகிறதா என்று கிருமியை வேண்டுமென்றே விட்டு 28 நாள் எண்ணிப் பார்க்கும் சோதனையும் உண்டு.

வேலை செய்யுமா என்பதுதான் கஷ்டமான கேள்வி. உதிரும் முன் முடி ஏறக்குறைய 3 மாதம் ஓய்வில் கிடப்பதால் நாலைந்து மாதமாவது பார்க்க வேண்டும். சிலருக்கு பெப்டைட் உள்ள சீரம், சிலருக்கு அதே சீரம் பெப்டைட் இல்லாமல், யாருக்கு எது என்று தெரியாமல் கொடுத்து, உச்சந்தலையில் குறித்த ஒரே இடத்தைப் படமெடுத்து முடியை எண்ண வேண்டும். பெரிய கம்பெனிகளின் சோதனைகளிலும் பலவற்றில் பெப்டைடோடு வேறு சாறுகளும் கலந்திருக்கும், அப்புறம் பலன் எதனால் என்று எப்படிச் சொல்வது? கண்ணாடி முன் நின்று "அடர்த்தியாகிவிட்டது" என்பதைச் சோதனை என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

தயாரித்து விற்க 2020 அழகுசாதன விதிகளின்படி உரிமம் வேண்டும், லேபிளில் "வழுக்கையில் முடி வளரும்" என்று போட்டால் மருந்துக் கணக்கில் போய்விடும்.

மகள் அனுப்பிய பொடியை இப்போதைக்குக் காற்றுப் புகாத டப்பாவில், ஃபிரிட்ஜில், ஊறுகாய்க்குத் தள்ளி வையுங்கள். சான்று வரும்வரை யார் தலையிலும் வைக்க வேண்டாம்.