அலாஸ்கன் ஆம்பருக்கு 22 மதிப்பெண் போதுமா?

நண்பரே, அலாஸ்கன் ஆம்பர் பீரை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு பாட்டிலிலேயே குடித்தீர்கள். வாசனையும் இல்லை, கசப்பும் இல்லை என்று 50க்கு 22 போட்டிருக்கிறீர்கள். அவசரப்பட்டுவிட்டீர்கள் என்பது என் எண்ணம்.

முதலில் குளிர். 3, 4 டிகிரியில் மால்ட்டின், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியின், மணம் எழும்பவே எழும்பாது. அடுத்த பாட்டிலை வெளியே எடுத்துக் கால் மணி நேரம் வையுங்கள், 8 முதல் 10 டிகிரிக்கு வரட்டும். வாய் சற்றுக் குறுகிய கண்ணாடிக் கோப்பையில் ஊற்றி, நுரை அடங்குமுன் முகர்ந்து பாருங்கள். பீர் நடுவர்களுக்கான அமைப்பான பிஜேசிபியின் மதிப்பீட்டுத் தாளில் 50இல் வாசனைக்கு மட்டும் 12 மதிப்பெண். பாட்டிலோடு குடித்தால் அதில் பெரும்பகுதி போய்விடும்.

கசப்பு விஷயம் வேறு. பெயர்தான் ஆம்பர், அலாஸ்காவின் ஜூனோ நகரில் காய்ச்சப்படும் இந்த பீர் ஜெர்மனியின் ஆல்ட் என்ற ஏல் வகையைச் சேர்ந்தது. ஏல் என்பது மிதமான வெப்பத்தில் நொதிக்கும் பீர்; இதையோ வழக்கமான ஏலைவிடக் குளிர்ச்சியில், மெதுவாக நொதிக்க விடுகிறார்கள். கசப்பு அளவு 18 ஐபியுதான் (ஐபியு என்பது பீரின் கசப்பை அளக்கும் அலகு), ஆல்கஹால் 5.3 சதவீதம். கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூ தூக்கலான கலிஃபோர்னியா ஆம்பரை மனதில் வைத்துக்கொண்டு இதை அளப்பது நியாயமில்லை. கேரமலும் வறுத்த ரொட்டியின் ஓரமும் நாக்கில் தெரிகிறதா, முடிவு திகட்டாமல் இருக்கிறதா, இதைத்தான் நான் பார்ப்பேன். என் கணக்கில் 37.

பாட்டிலில் உள்ள தேதியையும் பாருங்கள். பழசானால் நனைந்த அட்டை வாடை அடிக்கும். அப்படி இருந்தால் மதிப்பெண்ணே போடாதீர்கள், புதிதாக ஒன்று வாங்கிப் பாருங்கள்.