பப்புவா நியூ கினியில் காட்டுக்குள் ஒரு கடையில் கணக்கு வேலை வந்திருக்கிறது. போனால் எதிர்காலம் உண்டா?

"சொந்த ஊர் காரைக்குடிப் பக்கம். பி.காம் முடித்து இரண்டு வருடம். கியுங்கா என்ற ஊரில் கடைக் கணக்கு வேலை, சுற்றிலும் மழைக்காடு என்கிறார்கள். போகலாமா?" இதுதான் கேள்வி. பொதுவாக இந்தக் கேள்வி பதில் பக்கத்தை நான் படிப்பதோடு சரி. கியுங்கா என்ற பேரைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. 2013 முதல் 2016 வரை அதே ஊரில் அதே வேலை பார்த்தவன் நான். ஊர் பள்ளத்தூர்.

தம்பி, வீட்டில் அநேகமாக "ஆஸ்திரேலியாவுக்குப் பக்கத்தில்" என்று சொல்லி வைத்திருப்பீர்கள். நானும் ஆத்தாவிடம் அப்படித்தான் சொன்னேன். பொய் இல்லையே.

சிங்கப்பூர் போய், அங்கிருந்து தலைநகர் போர்ட் மோர்ஸ்பி, அங்கிருந்து இன்னொரு விமானம். தலைநகரிலிருந்து கியுங்காவுக்கு ரோடு கிடையாது. சரக்கெல்லாம் கடலிலிருந்து ஃபிளை ஆற்றில் 800 கிலோமீட்டர் ஏறி வரும் கப்பலில்தான். கியுங்காவிலிருந்து வடக்கே தபுபில் வரைக்கும் ஒரே ஒரு ரோடு, 137 கிலோமீட்டர். அந்தக் கோடியில் ஓக் டெடி செம்புச் சுரங்கம். தபுபிலில் வருடத்துக்கு ஏறத்தாழ 8 மீட்டர் மழை. நம் சிவகங்கை மாவட்டத்துக்கு 900 மில்லிமீட்டர் பக்கம். நாம் ஒன்பது வருடத்தில் பார்க்கிற மழையை அவர்கள் ஒரே வருடத்தில் பார்த்துவிடுகிறார்கள்.

"அங்கே மனுசனைத் தின்பார்களாமே" என்று கேட்க இந்நேரம் யாராவது கிளம்பியிருப்பார்கள். என் சொந்தச் சம்பந்தியே கேட்டார். அங்கே இருந்தவரை என்னைக் கடித்தது கொசுதான். மலேரியா இரண்டு தடவை வந்தது. அதை வேண்டுமானால் பயப்படுங்கள், காய்ச்சல் என்றால் அன்றே ரத்தம் பாருங்கள்.

முதல் வாரமே தெரிந்துகொள்ள வேண்டிய வார்த்தை இரண்டு. ஒன்று வான்டோக். அந்த நாட்டில் 800-க்கு மேல் மொழிகள், அதனால் ஒரே மொழி பேசுகிறவன் உறவுக்காரன். கேட்டால் இல்லை என்று சொல்ல முடியாது. நம் பங்காளி உறவு மாதிரி, ஆனால் வழக்கு குறைவு. இன்னொன்று டினாவ், அதாவது கடன். எங்கள் கடையில் டினாவ் நோட்டு ஒன்று உண்டு. பற்று வரவு எழுதியே வளர்ந்த ஊர்க்காரன் என்ற திமிரில், மூன்றே மாதத்தில் அந்த நோட்டை ஒழுங்கு பண்ணிவிடலாம் என்று நினைத்தேன். கல்லாவில் இருந்த உள்ளூர் அம்மாவுக்குப் பாதி ஊர் வான்டோக். எப்படி ஒழுங்காகும்?

2015-இல் நடந்ததைச் சொல்கிறேன், அதில்தான் உங்கள் கேள்விக்குப் பதில் இருக்கிறது. அந்த வருடம் எல் நினோ, பசிபிக் கடல் சூடாகி அந்தப் பக்கம் மழை தவறுகிற வருடம். மழை நின்றுபோனது. மழைக்காட்டில் வறட்சி என்றால் இங்கே யாரும் நம்புவதில்லை. ஆறு வற்றிக் கப்பல் மேலே வர முடியவில்லை. ஆகஸ்டில் சுரங்கத்தையே நிறுத்தினார்கள், திரும்ப ஓட 2016 மார்ச் ஆனது. கூரைத் தண்ணீர் பிடிக்கிற தொட்டிகள் காலி. பள்ளத்தூர் வீட்டில் முற்றத்து மூலையில் அண்டா வைத்து மழைத்தண்ணீர் பிடித்த பழக்கம் எனக்கு உண்டு, அதே பழக்கத்தை அங்கே பார்த்துச் சந்தோசப்பட்டிருந்தேன். இரண்டு இடத்திலும் வானம் கைவிட்டால் கதை ஒன்றுதான்.

கடையில் அரிசியும் தகர டப்பா மீனும் குறைய ஆரம்பித்தன. முதலாளி மோர்ஸ்பியில் இருந்தார். விலையை இரட்டிப்பாக்கு என்று போனில் உத்தரவு. விலைச்சீட்டை மாற்றி ஒட்டியது இந்தக் கைதான். "நீ மறுத்திருக்கலாமே" என்பீர்கள். பாஸ்போர்ட் அவர் பீரோவில் இருந்தது, வேலை அனுமதிச் செலவைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டிருந்தார். உட்கார்ந்த இடத்திலிருந்து நியாயம் பேசுவது சுலபம்.

அதோடு இன்னொன்றும் செய்தேன், இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பத்துக் கிலோ அரிசிப் பை இரண்டை எனக்கென்று கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். கல்லா அம்மா கண்டுபிடித்துவிட்டார். சத்தம் போடவில்லை. அடுத்த நாள் ஒரு பை காணோம். நோட்டைப் புரட்டினால் அவர் கையெழுத்தில் டினாவ் எழுதியிருக்கிறது, என் பேரில்! கேட்டேன். "நீயும் வான்டோக்தானே" என்றார். அதற்கு என்ன பதில் சொல்வது? முதலாளி அந்தப் பையை என் சம்பளத்தில் கழித்தார்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாவின் ஊருக்குக் கூட்டிப் போனார்கள். ஆற்றில் ஃபைபர் படகு, மோட்டார் வைத்தது, பெட்ரோல் காசு நான் கொடுத்தேன். அங்கே அரிசி இல்லாமலும் ஜனங்கள் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். சாகோ பனையைப் பூப்பதற்கு முன்னால் வெட்டி, பிளந்து, உள்சோற்றை இடித்து, தண்ணீர் விட்டுக் கசக்கி, அடியில் தங்கும் மாவை எடுக்கிறார்கள். சக்சக் என்று பேர். நாம் பாயசத்தில் போடுகிற சேலத்து ஜவ்வரிசி மரவள்ளிக் கிழங்குமாவு. பேர் மட்டும்தான் இந்தப் பனையிலிருந்து வந்தது. ருசி? பசியில் சாப்பிட்டேன், அதற்கு மேல் கேட்காதீர்கள். சில குடும்பங்களுக்கு ரப்பர் மரமும் உண்டு. பாலை உறைய விட்டுக் கட்டியாக விற்பார்கள். கப்பல் வராவிட்டால் கட்டி அப்படியே கிடக்கும். மருந்தும் வராது, பள்ளிக்கூடப் புத்தகமும் வராது.

உங்கள் எதிர்காலத்துக்கு வருகிறேன். அங்கே வேர் விட முடியாது. நாட்டின் நிலத்தில் 97 சதவீதம் பரம்பரை வழியில் அந்தந்தக் குலத்துக்குச் சொந்தம். வெளி ஆள் வாங்க முடியாது. அது சரிதான் என்பது என் கட்சி. பர்மாவில் வட்டிக்கடை வைத்த நம் ஆட்கள் கடனுக்கு ஈடாக நிலத்தை எடுத்தார்கள். 1930-களின் கடைசியில் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்வாசி நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. என்ன ஆயிற்று? எங்கள் ஐயா 1942-இல் நடந்தே வந்து சேர்ந்தார். வந்தபோது கையில் இருந்தது ஒரு கணக்கு நோட்டு. இதை எழுதினால் நம் சனத்துக்கே கோபம் வரும், தெரிந்துதான் எழுதுகிறேன்.

ஐயா என்றதும் அவர் கட்டிய வீடு ஞாபகம் வருகிறது. 27 புள்ளி, அதாவது 27 குடும்பத்துக்குப் பங்குள்ள வீடு. தேக்குத் தூண் எல்லாம் பர்மாவிலிருந்து வந்தது. ஓடு உடைந்து வீட்டுக்குள் மழை ஒழுகியது. கியுங்காவில் மிச்சம் பிடித்த பணத்தில் மூன்று லட்சத்துக்கு மேல் போட்டு ஓடு மாற்றியது நான். வாட்ஸ்அப் குழுவில் 26 பேரும் கட்டைவிரல் போட்டார்கள், ஒரு ரூபாய் போட்டவர் இல்லை. இப்போது தூணைக் கழற்றி காரைக்குடி பழஞ்சாமான் கடையில் விற்கலாம் என்று ஒரு யோசனை ஓடுகிறது. பங்கு கேட்க மட்டும் எல்லாரும் வருவார்கள். சரி, இது இங்கே தேவையில்லாத பேச்சு.

போங்கள், தம்பி. ஆனால் நம் முன்னோர் பர்மாக் கடைக்கு வேலைக்குப் போன மாதிரி கெடு வைத்துக்கொண்டு போங்கள், மூன்று வருடம் போதும். பாஸ்போர்ட் உங்கள் கையில் இருக்கும் என்று தாளில் எழுதி வாங்குங்கள். திரும்பி வர டிக்கெட் காசைத் தனியாக வையுங்கள், முதலாளி தருவார் என்று நம்பாதீர்கள். கறிவேப்பிலை, விதை எதுவும் எடுத்துப் போக வேண்டாம், என்னுடையதை விமான நிலையத்தில் பிடுங்கிப் போட்டார்கள். வெற்றிலை போடுகிற பழக்கம் இருந்தால் கவலையே இல்லை. பச்சைப் பாக்கைச் சுண்ணாம்போடு மென்றுகொண்டேதான் இருப்பார்கள், இலைக்குப் பதில் வெற்றிலைக் கொடியின் நீளமான காய்.

ஒரு உதவி. நீங்கள் போவது நான் இருந்த கடை என்றால், பழைய டினாவ் நோட்டு எங்கேயாவது கிடக்கும். 2015 நவம்பர்ப் பக்கத்தில் என் பேரில் இருக்கிற அந்த அரிசிப் பைக் கடனைக் கோடு போட்டு அடித்திருக்கிறார்களா என்று பார்த்துச் சொல்லுங்கள். சம்பளத்தில் பிடித்தது உண்மை, நோட்டில் அடித்ததை நான் கண்ணால் பார்க்கவில்லை.