கரிசலில் மண் வீடு நிற்குமா?

கேள்வி: திருமங்கலம் பக்கம் 5 சென்ட் இடம் இருக்கிறது. வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டும்போது வரும் மண்ணிலேயே கல் அடித்து வீடு கட்ட ஆசை. கொத்தனாரிடம் சொன்னால் சிரிக்கிறார்.

பதில்: அவர் சிரித்ததில் பாதி நியாயம் இருக்கிறது அம்மா. உங்கள் பக்கம் கரிசல். மழையில் ஊதிப் பெருக்கும், சித்திரை வெயிலில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். அதை மட்டும் வைத்துக் கல் அடித்தால் காயும்போதே விரிசல் விடும். மண் வீடு என்றில்லை, அஸ்திவாரம் சரியில்லாவிட்டால் கரிசலில் கான்கிரீட் வீடே கீறல் விடும், அதனால் கரிசலைத் தாண்டிக் கெட்டி மண் வரைக்கும் தோண்டச் சொல்லுங்கள், அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

ஆனால் சிரிப்பதற்கு முன்னால் அவரும் மண்ணைப் பார்த்திருக்கலாம். வேரும் மக்கும் கலந்த மேல்மண்ணைத் தள்ளிவிட்டு, கீழ்மண்ணை ஒரு கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு போட்டு, தண்ணீர் நிரப்பி, ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து நன்றாகக் குலுக்கி அசையாமல் வையுங்கள். சரளையும் மணலும் உடனே அடியில் உட்காரும், அதன்மேல் வண்டல். களிமண் கடைசியில்தான் இறங்கும், மறுநாள்கூடத் தண்ணீர் கலங்கலாக நிற்கலாம். அழுத்திச் செய்யும் மண் கல்லுக்கு, மண் கட்டுமானம் சொல்லித்தரும் ஆரோவில் எர்த் இன்ஸ்டிடியூட் சொல்லும் கணக்கு சரளை 15, மணல் 50, வண்டல் 15, களி 20 சதவீதம். உங்கள் பாட்டிலில் களி இதைவிட ரொம்பக் கூடுதலாகத்தான் இருக்கும், மணலோ சரளைச் செம்மண்ணோ கலக்காமல் ஆகாது. களி மிகுந்த மண்ணுக்குச் சுண்ணாம்பு பிடிக்கும், மணல் மிகுந்ததற்குச் சிமெண்ட், நூற்றுக்கு 5 பங்கு போல. சிமெண்ட் கலந்த கல்லை அடித்தவுடன் வெயிலில் காயப்போடாமல் 4 வாரம் ஈரம் காக்க வேண்டும். அழகர்கோவில் பக்கமிருந்து லாரி லாரியாகச் செம்மண் இறக்கித்தான் கட்ட முடியும் என்றால், என்னைக் கேட்டால் அந்த ஆசையே வேண்டாம், பக்கத்துச் சூளைச் செங்கல்லை வாங்கிவிடுங்கள்.

கேள்வி: மேலூர் பக்கம் தாத்தா காலத்து மண் சுவர் ஓட்டு வீடு. உறுதியாக இருக்கட்டும் என்று சிமெண்ட் பூசினோம், இப்போது பாளம் பாளமாக விழுகிறது. திருமலை நாயக்கர் மகாலே நிற்கும்போது எங்கள் சுவர் ஏன் நிற்கவில்லை?

பதில்: மகாலை இதற்கு இழுக்காதீர்கள் தம்பி. 1636-ல் கட்டிய அது செங்கல்லும் சுண்ணாம்பும், மண் சுவர் இல்லை. உங்கள் சுவரில் தப்பு மண்ணில் இல்லை, பூச்சில் இருக்கிறது. மண் சுவர் தரையிலிருந்தும் மழையிலிருந்தும் ஈரத்தை வாங்கி வெளியே விட்டுக்கொண்டே இருக்கும், சிமெண்ட் அதை அடைத்துவிடுகிறது. விழுந்த பாளத்தைத் திருப்பிப் பாருங்கள், பின்னால் சுவர் மண் ஒரு விரல்கடை அப்பியிருக்கும், ஒவ்வொரு பாளமும் சுவரைத் தின்றுகொண்டுதான் விழுகிறது. மிச்சத்தையும் கொத்தி எடுத்துவிட்டு, சுவர் நன்றாகக் காய்ந்தபிறகு சுண்ணாம்புச் சாந்து பூசுங்கள். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரில் சாந்து குழைக்கத் தெரிந்த ஆள் செட்டிநாட்டுப் பக்கம் கிடைப்பார். அப்புறம் கூரை விளிம்பு இரண்டடியாவது வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா, ஐப்பசி மழையில் கூரைத் தண்ணீர் சுவரோரம் தெறிக்கிறதா என்று பாருங்கள். அதைச் சரிசெய்யாமல் எதைப் பூசினாலும் வீண்.

கேள்வி: மண் வீடு கட்டினால் செலவு பாதியாகுமா?

பதில்: ஆகாது. மண்ணுக்குக் காசில்லை, கூலிக்குக் காசு. செலவு குறைந்தால் போதும் என்றால் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளாவில் பரப்பிய எலிப்பொறிக் கட்டைக் கேட்டுப் பாருங்கள். செங்கல்லைப் படுக்கவைக்காமல் நிறுத்திவைத்து நடுவில் இடைவெளி விட்டுக் கட்டுவது, சுமார் கால்பங்கு செங்கல் மிச்சம், உள்ளே காற்று நிற்பதால் மதுரை வெயிலுக்கும் தோது. கொத்தனாருக்குப் பழக்கமில்லை என்றால் முதலில் சுற்றுச்சுவரில் கட்டிக் காட்டச் சொல்லுங்கள்.