கவச உடையைக் கழற்றினாலும் டியூட்டி முடியவில்லை: மருத்துவமனை ஊழியர்களின் கேள்விகள்

2021 மே 21 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குக் கொரோனா தொற்று உறுதியானது. ஜூன் தொடக்கத்தில் அந்த எண்ணிக்கை இறங்கிக்கொண்டிருந்தது. ஆனால் என்னைத் தேடி வந்த சக ஊழியர்கள் அப்போதுதான் கூடினார்கள். ஓடும்போது தெரியாத வலி உட்காரும்போதுதான் தெரியும். நான் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர். ஆள் பற்றாக்குறையில் கொரோனா வார்டிலும் நின்றவள். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

டாக்டர், வீட்டில் பிரஷர் குக்கர் விசில் அடித்தாலும் மானிட்டர் அலறுவதுபோல் இருக்கிறது. பகலில் படுத்தால் தூக்கம் இல்லை. எனக்கு ஏதாவது நோயா? (ஸ்டாஃப் நர்ஸ், மதுரை)

இப்போதைக்கு நோய் என்று பெயர் வைக்க வேண்டாம், சகோதரி. ஆறு மணி நேரம் ஆக்சிஜன் அளவு 80-க்குக் கீழே போகிறதா என்று காதைத் தீட்டி வைத்திருந்த உடம்பு, பஸ் ஏறியதும் அதை மறந்துவிடாது. சீனாவில் முதல் அலையின்போது 34 மருத்துவமனைகளில் 1,257 ஊழியர்களிடம் ஓர் ஆய்வு நடத்தினார்கள். மூன்றில் ஒருவருக்குத் தூக்கக் கோளாறு, பாதிப் பேருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள்.

நைட் டியூட்டியில் விடியற்காலை மூன்று மணிக்கு மேல் டீ, காபி வேண்டாம். வீடு திரும்பும்போது கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். காலை வெயில் பட்டால் மூளை விழித்துக்கொள்ளும். அரை மணி நேரம் புரண்டும் தூக்கம் வரவில்லை என்றால் எழுந்து வெங்காயம் உரிக்கப் போங்கள். மல்லுக்கட்டிக்கொண்டு படுத்திருந்தால் படுக்கையே எதிரியாகிவிடும். வார்டு அலமாரியில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் அல்பிரசோலம் என்ற பதற்றம் தணிக்கும் மாத்திரையை நீங்களாக எடுத்துப் போடாதீர்கள். அந்த வழியில் போய்த் திரும்ப முடியாதவர்களை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு மாதம் தாண்டியும் அதே காட்சிகள் கண்முன் வந்தால், வார்டு வாசலை மிதிக்கவே கால் வராவிட்டால், அப்போது சிகிச்சை தேவை.

ஒரு வென்டிலேட்டர், இரண்டு நோயாளிகள். இளையவருக்குக் கொடுத்தேன். மற்றவர் விடிவதற்குள் போய்விட்டார். அவருடைய மகள் என் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். அதைத்தான் தாங்க முடியவில்லை. (முதுநிலை மருத்துவ மாணவர்)

தம்பி, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன்.

இது பயத்தால் வருகிற நோய் வகையைச் சேர்ந்ததில்லை. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களுக்குச் சிகிச்சை அளித்த ஜோனதன் ஷே என்ற மனநல மருத்துவர் இதற்கு ‘மாரல் இஞ்சுரி’ என்று பெயர் வைத்தார். அறக்காயம் என்று நான் சொல்வேன். சரி என்று நம்பியதற்கு மாறாக நடக்க வேண்டி வரும்போது விழுகிற காயம் அது. ‘நீ எந்தத் தப்பும் செய்யவில்லை’ என்று நண்பர்கள் சொல்லியிருப்பார்கள். அது காதோடு நின்றிருக்கும். ஏனென்றால் உங்கள் மனம் நியாயமான கேள்வியைத்தான் கேட்கிறது. அதை உங்களிடம் மட்டும் கேட்பதுதான் தவறு. இரண்டாவது வென்டிலேட்டர் ஏன் இல்லை என்பதற்கு இருபத்தேழு வயது மாணவர் பதில் சொல்ல வேண்டியதில்லை.

அன்றிரவு உடன் நின்ற யாரிடமாவது முழுக்கதையையும் சொல்லுங்கள். அங்கே இல்லாதவர்கள் ஆறுதல் சொல்லிவிடுவார்கள், இருந்தவர்கள் கேட்பார்கள். இனி இப்படி ஒரு முடிவு வந்தால் தனியாக எடுக்காதீர்கள். சிகிச்சை தருபவர் ஒருவர், யாருக்கு முன்னுரிமை என்று தீர்மானிப்பவர்கள் வேறு இரண்டு மூத்தவர்கள் என்று பிரித்து, காரணத்தைக் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். ‘காலையில் கண் விழிக்காமலே போனால் நல்லது’ என்ற நினைப்பு வந்தால், அன்றைக்கே அறை நண்பரிடம் சொல்லிவிட்டு மனநலப் பிரிவுக்கு வாருங்கள். 104 என்ற சுகாதார உதவி எண்ணிலும் எந்நேரமும் பேசலாம்.

அப்பா தூய்மைப் பணியாளர். சடலங்களைப் பொதிகிற வேலை. தினமும் குடிப்பார். இப்போது கடை இல்லாததால் குடிக்கவில்லை. நல்லதுதானே மேடம்?

நல்லது என்று நானும் சொல்லத்தான் ஆசைப்படுகிறேன், அம்மா. ஆனால் அவர் தானாக நிறுத்தவில்லை, 2021 மே 10 முதல் ஊரடங்கில் டாஸ்மாக் கடைகள் மூடப்பட்டதால் நின்றது. தினமும் குடித்தவர் சட்டென நிறுத்தினால் முதல் சில நாட்களில் கைநடுக்கம், வியர்வை, வலிப்பு, சில சமயம் ஆள் அடையாளம் தெரியாத குழப்பம் எல்லாம் வரலாம். உயிருக்கே ஆபத்து. கை நடுங்கினால் உடனே மருத்துவமனை. மருத்துவமனையிலிருந்து குடிப்பதற்குச் சானிடைசர் வீட்டுக்கு வருகிறதா என்றும் ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள்.

‘மனநல மருத்துவரிடம் வாருங்கள்’ என்றால் வரமாட்டார். ‘தூக்கத்துக்கு மருந்து வாங்கலாம்’ என்று கூட்டி வாருங்கள். அவரைக் கைதட்டி வாழ்த்திய ஊர், அவருக்குச் சரியான கையுறை கிடைத்ததா என்று கேட்கவில்லை.

ஆம்புலன்ஸில் மூன்று மணி நேரம் வரிசையில் நின்றோம். நோயாளி வண்டியிலேயே இறந்தார். உறவினர்கள் என்னை அடித்தார்கள். (ஓட்டுநர்)

2020 ஏப்ரலில் சென்னையில் கொரோனாவால் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவரைப் புதைக்கவே விடாமல் கூட்டம் கல்லெறிந்தது. அதே மாதம் 22-ஆம் தேதி மருத்துவ ஊழியர்களைத் தாக்குவதற்கு எதிராக மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. பிறகு அது நாடாளுமன்றச் சட்டமானது. படுகாயம் ஏற்படுத்தினால் ஏழு ஆண்டு வரை சிறை. புகார் கொடுங்கள். அடித்தவர்களும் துக்கத்தில் இருந்தவர்கள்தானே என்று உங்களுக்குத் தோன்றலாம். தோன்றட்டும், புகாரையும் கொடுங்கள்.

ஊழியர்களுக்காக யோகா, மன அழுத்த மேலாண்மை வகுப்பு எல்லாம் வைத்தோம். யாரும் வருவதில்லை. (நர்சிங் கண்காணிப்பாளர்)

டியூட்டி முடிந்தவரை இன்னும் ஒரு மணி நேரம் உட்காரவைத்து ‘மூச்சை இழுத்து விடுங்கள்’ என்றால் நானும் வரமாட்டேன். துயரச் சம்பவம் முடிந்த கையோடு எல்லாரையும் வட்டமாக உட்காரவைத்து ஒரே அமர்வில் கொட்டச் சொல்வதும் பலன் தருவதில்லை என்று ஆய்வுகள் காட்டிவிட்டன.

2003-இல் கனடாவின் டொராண்டோவில் சார்ஸ் என்ற சுவாசத் தொற்று வந்தபோது வேலை செய்தவர்களை ஓரிரு ஆண்டு கழித்துப் பார்த்தார்கள். பயிற்சியும் பாதுகாப்பும் ஆதரவும் போதுமான அளவு கிடைத்தன என்று உணர்ந்தவர்களுக்குப் பாதிப்பு குறைவு. ஆகவே முதலில் ரோஸ்டரை, அதாவது டியூட்டி அட்டவணையை, பாருங்கள். அடுத்த வாரம் எப்போது லீவு என்பது இன்றே தெரியட்டும். கவச உடை போடும் முன் சாப்பாடு சூடாக இருக்கட்டும். மாதவிடாய் நாட்களில் ஆறு மணி நேர உடையிலிருந்து விலக்கு கேட்பவரைக் காரணம் கேட்டுக் குடையாதீர்கள். புதிதாக வந்த ஒப்பந்தச் செவிலியரை அனுபவமுள்ள ஒருவருடன் ஜோடி சேருங்கள். இவை நடந்த பிறகு யோகாவுக்கு ஆள் வரலாம்.

பதினான்கு நாள் விடுதியில் தங்கிவிட்டு வீட்டுக்குப் போனேன். மூன்று வயது மகள் பாட்டியின் பின்னால் ஒளிந்துகொண்டாள். அழுதுவிட்டேன். (லேப் டெக்னீஷியன்)

அழுததில் தப்பே இல்லை. அவளைத் துரத்தித் தூக்காதீர்கள். தரையில் சற்றுத் தள்ளி உட்கார்ந்து, அவளுடைய பொம்மைகளை எடுத்து நீங்களாக விளையாடிக்கொண்டிருங்கள். இரவுச் சோறு நீங்களே ஊட்டுங்கள், பாட்டி பக்கத்தில் இருக்கட்டும். அடுத்த முறை போகும் முன் வீட்டில் நீங்கள் உடுத்திய சேலை ஒன்றைத் துவைக்காமல், உங்கள் வாசம் அவளோடு இருக்க, அவள் படுக்கையில் போட்டுவிட்டுப் போங்கள்.