ஓவர்வோல்டேஜ் ஃபால்ட் வந்தால் டிரைவையே மாற்ற வேண்டுமா?

உங்கள் மோட்டார் டிரைவ் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) அடிக்கடி ஓவர்வோல்டேஜ் காட்டி நின்றுவிடுவதாகவும், புதிய டிரைவ் வாங்கச் சொல்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முன், ஃபால்ட் எப்போது வருகிறது என்று பாருங்கள்: வேகம் குறையும்போதா, சீரான ஓட்டத்திலா, மோட்டார் ஓடாமல் சும்மா இருக்கும்போதேயா?

400 வோல்ட் சப்ளையில், டிரைவுக்குள் இருக்கும் நேர்மின்சாரப் பகுதியான டிசி பஸ் ஏறத்தாழ 565 வோல்ட்டில் இருக்கும். இந்த வகை டிரைவ்கள் பெரும்பாலும் 800 வோல்ட்டை ஒட்டித்தான் டிரிப் ஆகும். வேகத்தைக் குறைக்கும்போது கனமான சுமை மோட்டாரைத் தள்ள, மோட்டார் ஜெனரேட்டராகி மின்சாரத்தை பஸ்ஸுக்கே திருப்பி அனுப்புகிறது. சாதாரண டிரைவில் ஒரு திசையில் மட்டுமே மின்சாரத்தை விடும் டயோடு ரெக்டிஃபையர் வழியாக அது சப்ளைக்குத் திரும்ப முடியாததால், கெப்பாசிட்டர்களில் தேங்கி மின்னழுத்தத்தை ஏற்றிவிடுகிறது.

நான் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்த புதிதில், பல ஆண்டுகள் ஒழுங்காக ஓடிய ஒரு சென்ட்ரிஃபியூஜ், ஸ்டாப் பட்டனை அழுத்திய ஓரிரு நொடியில் இந்த ஃபால்ட்டைக் காட்டத் தொடங்கியது. அதற்கு முந்தைய வாரம் அந்தப் பேனலைச் சுத்தம் செய்தவன் நான் என்பதால், பழி முழுவதும் என்மீது விழுந்தது. புதிய டிரைவைப் பொருத்தினார்கள். அதுவும் முதல் நிறுத்தத்திலேயே டிரிப் ஆனது. திரும்பி வரும் மின்திறன் முழு வேகத்தில்தான் மிக அதிகம். தொடக்கத்திலேயே டிரிப் ஆவதால் அந்த மின்சாரத்துக்குப் போக்கிடமே இல்லை என்று எனக்குப் பட்டது. அதை வெப்பமாக எரித்துத் தீர்க்க வேண்டிய பிரேக் ரெசிஸ்டரின் வயரைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்தபோது, உள்ளே கம்பி அறுந்து சுற்று திறந்து கிடந்தது. ரெசிஸ்டரை மாற்றியபின் அந்த ஃபால்ட் வரவில்லை. பழி சுமத்தியவர்களில் ஒருவர்கூட அதைப் பற்றிப் பிறகு பேசவில்லை என்பது இன்றும் எனக்கு வருத்தம்தான்.

வேகக் குறைப்பு நேரத்தைக் கூட்டினால் போதாதா என்று இங்கே சிலர் கேட்பார்கள். ஃபேன் போன்ற, நிற்கும் நேரம் முக்கியமில்லாத இயந்திரத்துக்கு அதுவே முதலில் செய்ய வேண்டியது, நான் மறுக்கவில்லை. எங்கள் இயந்திரத்துக்குக் குறித்த நேரத்துக்குள் நின்றாக வேண்டிய கட்டாயம் இருந்தது. ரெசிஸ்டரை மாற்றுவதானால், டிரைவ் கையேடு சொல்லும் குறைந்தபட்ச ஓம் அளவுக்குக் கீழே போகாதீர்கள். ரெசிஸ்டருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் பிரேக் சாப்பரின் டிரான்சிஸ்டர் எரிந்துவிடும். சப்ளையை நிறுத்தியபின் கையேடு சொல்லும் நேரம் காத்திருந்து, டிசி டெர்மினல்களில் மின்னழுத்தம் இறங்கிவிட்டதை அளந்து பார்க்காமல் எதையும் தொடாதீர்கள்.

மோட்டார் ஓடாமல் சும்மா இருக்கும்போதே ஃபால்ட் வந்தால், சந்தேகம் சப்ளை பக்கம் திரும்ப வேண்டும். பவர் ஃபேக்டரைச் சரிசெய்யச் சப்ளையில் வைக்கும் கெப்பாசிட்டர் பேங்க் இணையும் நொடியோடு அது ஒத்துப்போகிறதா என்று கவனியுங்கள். ஒத்துப்போனால் உள்ளீட்டில் ஒரு லைன் சோக் (திடீர் மின்னழுத்த ஏற்றத்தைத் தணிக்கும் கம்பிச் சுருள்) பெரும்பாலும் உதவும். தயவுசெய்து ரீசெட் செய்வதற்கு முன், ஃபால்ட் பதிவில் உள்ள பஸ் மின்னழுத்தத்தையும் வேகத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு எண்களையும் இங்கே எழுதினால் மேற்கொண்டு சொல்கிறேன்.